பெயர் சொன்ன வானொலி, பெயர் மறைத்த திரை

குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ-6 வீதியில் இருக்கிறது எங்கள் கலேவெல. எண்பதுகளில் இந்த ஊருக்கு ஒரு புதுப் பாட்டு வந்தால், அதை முதலில் கேட்பவர்கள், கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பாருக்கு முன்னால் நிற்பவர்கள்தான். அப்படியொரு பாரில் மீசை அரும்பும் வயதில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். பாட்டையும் பாட்டுக்குப் பின்னால் இருக்கும் பெயர்களையும் அங்கேதான் படித்தேன். டெக்னோ என்று உலகம் அழைக்கும் இயந்திர இசை எப்படிப் பிறந்தது, பாட்டுக்கென்று எடுத்த வீடியோ அதை எப்படித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று எழுதுவதற்கு எனக்கு ஒரே காரணம்தான் உண்டு. அந்த ஒலியைச் செய்தவர்களின் பெயர் வழியில் உதிர்ந்துபோய்விட்டது. எங்கே உதிர்ந்தது, யாரால் உதிர்ந்தது என்பதைச் சொல்ல முடியும். சொல்லியும் ஆக வேண்டும்.

அட்டையில் எழுதிய பெயர்

1977 இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகுதான் கெசட்டும் கெசட் செட்டும் எங்கள் பக்கம் தாராளமாக வந்தன. அதே காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனார்கள். போனவர் திரும்பி வரும்போது பெட்டி படுக்கையோடு இரண்டு ஸ்பீக்கர் வைத்த செட் ஒன்றும் வந்து இறங்கும். மின்சாரம் எட்டாத கிராமங்களில் அதைக் கார் பெற்றரியில் போடுவார்கள். பெற்றரி சார்ஜ் பண்ணிக் கொடுப்பது டவுனில் தனித் தொழிலாகவே நடந்தது. செட் இருக்கிற வீட்டுக்குப் பாட்டு வேண்டும். அதற்குத்தான் ரெக்கோடிங் பார்.

கொப்பித் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அறுபது நிமிடக் கெசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. தொண்ணூறு நிமிடக் கெசட்டில் நாடா மெல்லியது, செட்டில் சிக்கும் என்பதால் கடைக்கார நானா அறுபதையே வாங்கச் சொல்வார். இசைத்தட்டைச் சுழலவிட்டு, டெக்கில் ரெக்கோட் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அமுக்கிப் போஸில் நிறுத்திவைக்க வேண்டும். ஊசி இறங்கிப் பாட்டு தொடங்குகிற கணத்தில் போஸை விட வேண்டும். ஒலியின் அளவைக் காட்டும் முள் சிவப்புக்குள் துள்ளி விழலாம், அங்கேயே கிடக்கக் கூடாது. கிடந்தால் உச்சத்தில் குரல் கிழியும். ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அடிக்கடி துடைப்போம். பதிந்து முடிந்ததும் கெசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் உடைத்துவிடுவோம். அதன்பிறகு தவறுதலாக எவரும் அதன்மேல் பதிந்துவிட முடியாது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் எல்லாம் நிற்கும். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

கடைசி வேலை அட்டை எழுதுவது. படம், பாடியவர், இசையமைத்தவர், பாட்டெழுதியவர் என்று நான்கு விபரமும் பொடி எழுத்தில் வர வேண்டும். இடம் போதாது என்று நான் படத்தின் பெயரோடு நிறுத்தினால் நானா அட்டையைத் திருப்பித் தந்துவிடுவார். “பாட்டு மட்டும் போதாது மகன், பாடினவங்கட பேரையும் எழுதுங்க” என்பார். பதிப்புரிமை என்ற பேச்சே அப்போது எந்தக் கடையிலும் இல்லை. பாட்டைச் செய்தவருக்கு இந்தத் தொழிலிலிருந்து ஒரு சதம் போகவில்லை. பெயராவது போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அந்த ஒழுங்கு அவருக்கு வானொலியிலிருந்து வந்தது. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக இங்கே நிறுவப்பட்ட சக்திவாய்ந்த ஒலிபரப்பி கைக்கு வந்ததும் ஆசியா முழுவதும் கேட்கத் தொடங்கியது. 1950 இல் வர்த்தக சேவை வந்தது. 1967 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் கடல் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தது. அவர்கள் ஒரு பாட்டை வெறுமனே போட்டுவிட்டுப் போனதில்லை. இன்ன படம், இன்னார் பாடியது, இன்னார் இசை, இன்னார் வரிகள் என்று சொல்லித்தான் தட்டைச் சுழலவிட்டார்கள். திரையில் வாயசைப்பவர் சிவாஜியாக இருக்கலாம், எம்.ஜி.ஆராக இருக்கலாம். வானொலி சொன்ன பெயர் டி.எம். சௌந்தரராஜன். கதாநாயகி யாராக இருந்தாலும் பி. சுசீலா என்றால் சுசீலாதான். முகம் தெரியாத பாடகரின் பெயர் மூன்று தலைமுறைக்கு மனப்பாடமாக இருந்ததற்குக் காரணம் அந்தப் பத்து விநாடி அறிவிப்பு. எங்கள் நாட்டுப் பொப் பாடகர்களான நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பெயர் பெற்றதும் படத்தால் அல்ல, வானொலியாலும் மேடையாலும்தான்.

எழுத முடியாத அட்டை

1987 முதல் 1989 வரை எங்கள் மாத்தளை மாவட்டம் பட்ட பாடு எங்கள் வயதுக்காரர்களுக்கு மறக்காது. இந்தியப் பொருட்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்று, கிளர்ச்சியில் இறங்கியிருந்த மக்கள் விடுதலை முன்னணி சொன்ன காலம் அது. ஊரடங்கும் கடையடைப்பும் மாறி மாறி வந்தன. இளைஞர்கள் காணாமற் போனார்கள். தமிழ்ப் படக் கெசட்டுகள் முன் தட்டிலிருந்து உள்ளே போயின. அந்த இடத்தில் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ஆங்கிலக் கெசட்டுகள் ஏறின.

அவற்றில் நான் அதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது. மத்தளம் அடிப்பவரின் கை தெரியாத மத்தளம். தளராமல், முந்தாமல், பிந்தாமல் விழும் ஒரே அடி. அதன்மேல் குழைந்து குழைந்து ஏறும் ஓர் ஒலி. பாட்டுக்குச் சரணம் இல்லை, சில நேரம் சொல்லே இல்லை. ஆனாலும் சந்தியில் நிற்கும் லொறி உதவியாளர்களின் கால் தானாகத் தட்டியது. பெரஹரா மேளமும், நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவாக்களின் றபானும், வஹகோட்டே அந்தோனியார் திருவிழா வாத்தியமும் கேட்டுப் பழகிய ஊருக்கு, திரும்பத் திரும்ப வரும் அடி அந்நியமானதல்ல.

அந்தக் கெசட்டுகள் எல்லாம் கள்ளப் பதிப்புகள். மேலே ‘டிஸ்கோ மிக்ஸ்’ என்று மட்டும் இருக்கும், கூடவே ஓர் ஆடும் பெண்ணின் படம். யார் பாடியது, யார் வாசித்தது, எந்த ஊர் என்று ஒன்றுமில்லை. பிரதி எடுத்து முடித்து அட்டையைக் கையில் எடுத்தால் எழுத என்னிடம் இலக்கங்கள் மட்டும்தான் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த வெற்று அட்டைகளை நிரப்புவதற்கான பெயர்களைத்தான் பிறகு வருடக் கணக்கில் தேடிப் படித்தேன்.

டெட்ரோயிட்டின் மூன்று பையன்கள்

அந்தப் பெயர்களில் முதலாவது ஊர், டெட்ரோயிட். அமெரிக்காவின் மோட்டார் வாகனத் தலைநகரம். மோடவுன் என்ற புகழ்பெற்ற கறுப்பின இசை நிறுவனம் பிறந்த இடம். 1967 ஜூலையில் அங்கே வெடித்த கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். 1972 இல் மோடவுன் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. தொழிற்சாலைகளில் ஆட்களின் இடத்தில் இயந்திரக் கைகள் வந்தன. வேலை போன தெருக்களில் வீடுகள் காலியாகின.

அந்த ஊருக்கும் ஒரு வானொலிக்காரர் இருந்தார். எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் இரவில் பேசியவர். தன் முகத்தை வெளியே காட்டாதவர். கறுப்பினத்தவருக்கு ஒரு நிலையம், வெள்ளையருக்கு ஒரு நிலையம் என்று பிரிந்து கிடந்த வானொலியில், அவர் பிரின்ஸையும் ஃபங்கடெலிக்கையும் ஜேர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவையும் அடுத்தடுத்துப் போட்டார். கிராஃப்ட்வெர்க், டுசல்டோர்ஃப் நகரில் ரால்ஃப் ஹுட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் 1970 இல் தொடங்கிய குழு. நெடுஞ்சாலையையும் ரயிலையும் கணினியையும் மின்னொலியில் பாட்டாக்கியவர்கள்.

மோஜோவைக் கேட்டு வளர்ந்தவர்களில் மூன்று பேர் டெட்ரோயிட்டுக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூரில் ஒன்றாகப் படித்தவர்கள்: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன். மூவரும் கறுப்பின இளைஞர்கள். அட்கின்ஸ், வியட்நாம் போருக்குப் போய் வந்த ரிக் டேவிஸ் என்பவரோடு சேர்ந்து சைபோட்ரோன் என்ற பெயரில் 1981 இல் முதல் தட்டை வெளியிட்டார். 1985 இல் மெட்ரோப்ளெக்ஸ் என்று தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1987 இல் டெரிக் மேயின் ‘ஸ்ட்ரிங்ஸ் ஒஃப் லைஃப்’ வந்தது. 1988 இல் பிரிட்டனில் ஒரு நிறுவனம் இவர்களுடைய இசையைத் தொகுத்து வெளியிட்டபோது, அட்கின்ஸ் தந்த பாட்டின் பெயரை ஒட்டித் தொகுப்பின் தலைப்பில் டெக்னோ என்ற சொல் ஏறியது. அல்வின் டொஃப்லர் 1980 இல் எழுதிய ‘மூன்றாம் அலை’ நூலிலிருந்து அட்கின்ஸ் எடுத்துக்கொண்ட சொல் அது. அன்றிலிருந்து உலகம் அந்த இசையை அப்படியே அழைக்கிறது. ஆனால் டெக்னோ என்றதும் பலர் பேர்லினையும் ஐரோப்பிய இரவு விடுதிகளையும்தான் நினைக்கிறார்கள். வேலை இழந்த ஒரு கறுப்பின நகரத்தில் பிறந்த இசை இது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

பதினாறு பட்டன்

கையால் அடிக்காத மத்தளம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980 இல் டி.ஆர்-808 என்ற தாளப் பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் கீழ் வரிசையில் பதினாறு பட்டன்கள். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெள்ளை என்று நந்நான்காக நிறம் மாறும். ஒரு தாளச் சுற்றைப் பதினாறாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பட்டன். பெரிய டிரம்மைத் தேர்ந்தெடுத்து 1, 5, 9, 13 ஆம் பட்டன்களை அமுக்கினால் ஆட்டத்துக்கான நேர் அடி கிடைக்கும். கைதட்டலை 5, 13 இல் வைக்கலாம். இடையில் சிஞ்சாவைத் தூவலாம். ஓடவிட்டால் நிறுத்தும்வரை அதே சுற்று. நம்மவர் கணக்கில் சொன்னால் சதுஸ்ர நடையில் நான்கு அட்சரம். இசை கற்காத பிள்ளையும் விரலால் தாளம் எழுதலாம்.

அந்தப் பெட்டி விற்பனையில் சோபிக்கவில்லை. உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்பதே குறை. 1983 இல் தயாரிப்பு நின்றது. மறு வருடம் அதே நிறுவனத்தின் டி.பி-303 உம் நின்றது. தனியாகக் கிட்டார் பழகுபவருக்கு பேஸ் கிட்டார் துணை கொடுக்கவென்று செய்த பெட்டி அது. இரண்டும் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. விலை விழுந்ததால்தான் டெட்ரோயிட், சிக்காகோ பையன்களின் கைக்கு எட்டின. வளைகுடாக் கெசட்டில் நான் கேட்ட அந்தக் குழையும் ஒலி, டி.பி-303 இன் திருகிகளைப் பாட்டு ஓடும்போதே திருகுவதால் வருவது.

இந்த இரண்டு பெட்டிகளையும் அவர்களுக்கு முன்பே சேர்த்து வாசித்த ஒருவர் நம் பக்கத்தில் இருந்தார். மும்பை இந்தித் திரையிசையில் வாசித்த சரண்ஜித் சிங். சிங்கப்பூரில் 808, 303, ஜுப்பிடர்-8 மூன்றையும் வாங்கி வந்து, பைரவ், பைராகி, மேக மல்ஹார் முதலிய பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982 இல் ஒரு தட்டுப் பதிந்தார். ராகக் கமகத்தை டி.பி-303 இல் கொண்டுவந்தார். சிக்காகோவில் ‘அசிட் ஹவுஸ்’ என்ற வகையைத் தொடங்கிவைத்த தட்டு வந்தது 1987 இல். சிங்கின் தட்டு அதற்கு ஐந்து வருடம் முந்தியது. அது விற்கவில்லை. 2010 இல் ஒல்லாந்தர் ஒருவர் மறுபதிப்புச் செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2015 இல் அவர் இறந்தார். இரு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வாசலைத் திறந்திருக்கிறார்கள். ஒருவருடைய பெயர் கிட்டத்தட்ட முப்பது வருடம் புழுதியில் கிடந்தது.

குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது

1981 ஆகஸ்ட் 1 இல் அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியது. நாள் முழுக்கப் பாட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் படம். படத்தோடு பாட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல, தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து உள்ளது. மேற்கில் அது வணிகத்தின் தலைவிதியையே மாற்றியது. கேட்டு வாங்கிய பாட்டைப் பார்த்து வாங்கும் காலம் வந்தது. பார்ப்பதற்கு முகம் வேண்டும். டெக்னோவையும் அதன் சொந்தக்காரரான ஹவுஸ் இசையையும் செய்தவர்கள் பெட்டிக்கு முன்னால் குனிந்திருப்பவர்கள். ஆகவே கம்பனிகள் முகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்தன.

1989 இல் பெல்ஜியத்திலிருந்து டெக்னோட்ரோனிக் என்ற பெயரில் ‘பம்ப் அப் த ஜாம்’ வந்தது. எங்கள் கடை அட்டையில் வெறும் மூன்றாம் இலக்கமாக இருந்த பாட்டு அது. பாடியவர் கொங்கோவில் பிறந்த யா கிட் கே என்ற இளம்பெண். வீடியோவில் வாயசைத்து ஆடியவர், இசைத்தட்டின் அட்டையில் நின்றவர், வேறொரு மொடல் அழகி. அதே வருடம் இத்தாலியின் பிளாக் பொக்ஸ் குழு வெளியிட்ட ‘ரைட் ஒன் டைம்’ பிரிட்டனில் அந்த ஆண்டின் அதிகம் விற்ற பாட்டு. அதில் கேட்ட குரல், லொலேட்டா ஹொலோவே 1980 இல் பாடிய பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. திரையில் நின்றது ஒரு பிரெஞ்சு மொடல்.

இப்படி மறைக்கப்பட்டுத் துணிந்து வழக்குக்குப் போனவர்களில் ஒருவர் மார்த்தா வோஷ். தேவாலயத்தில் பாடி வளர்ந்த பெருங்குரல். 1990 இல் சி அண்ட் சி மியூசிக் ஃபக்டரியின் ‘கொனா மேக் யூ ஸ்வெட்’ பாட்டில் எல்லோரையும் ஆட அழைக்கும் குரல் அவருடையது. வீடியோவில் மெலிந்த இன்னொரு பெண் வாயசைத்தார். மார்த்தா வோஷ் பருத்த உடல்வாகு கொண்டவர். கெமராவுக்கு அவர் ஒத்துவர மாட்டார் என்று முடிவு செய்தவர்களுக்கு அவருடைய தொண்டை மட்டும் ஒத்துவந்தது. அவர் விடவில்லை. வழக்குப் போட்டார். சமரசம் வந்தபோது, குரல் மார்த்தா வோஷுடையது என்ற அறிவிப்பு எம்.டி.வி. வீடியோவில் சேர்க்கப்பட்டது. பாடுபவரின் பெயரைக் கட்டாயம் போட வேண்டும் என்ற வழக்கம் அமெரிக்க இசைத் தொழிலில் உறுதிப்பட்டதற்கு அவருடைய போராட்டம் ஒரு பெருங்காரணம். நம் பின்னணிப் பாடகர்களின் பெயரை எங்கள் வானொலி நாற்பது வருடமாக வழக்குப் போடாமலே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நீதியை ஒரு கறுப்பினப் பெண் நீதிமன்றம் ஏறி வாங்க வேண்டியிருந்தது.

முகத்தை மறைப்பது எல்லாமே களவு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கிராஃப்ட்வெர்க் தங்களைப் போலவே பொம்மைகள் செய்து மேடையிலும் வீடியோவிலும் நிறுத்தினார்கள். டெட்ரோயிட்டில் ‘மேட்’ மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழு, முகத்தை விற்கும் வணிகத்துக்கு எதிராகவே முகமூடி அணிந்தது. பேங்க்ஸ் நெடுங்காலம் முகம் காட்டிப் படம் எடுக்க விட்டதில்லை. தானே முகத்தை மறைத்தவருக்குத் தட்டில் பெயரும் உரிமையும் இருந்தன. மறைக்கப்பட்டவருக்கு இரண்டும் இல்லை. இந்த வேறுபாடுதான் என் பேச்சின் முள்.

தொப்பியும் சட்டையும் ஆடிய ஆட்டம்

ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு தொடங்கியது. எங்கள் ஊரில் பாட்டைப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்தது அதைவிட வாடகை வீடியோ டெக்தான். டிவியையும் டெக்கையும் ஓர் இரவுக்கு எடுத்து, நாலைந்து கெசட் சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் பார்ப்பார்கள். பாட்டு வந்தால் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். ரெக்கோடிங் பாரின் வருமானம் குறையத் தொடங்கியது அந்த முற்றங்களில்தான்.

தமிழில் இயந்திரத் தாளம் ஏற்கெனவே வந்துவிட்டது. 1986 இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா செய்த தீம் இசையில் கணினி ஓட்டிய ஒலிகளைக் கேட்டுக் கடைத்தெருவே பேசியது. அவர் குழுவில் கீபோர்ட் வாசித்த திலீப், 1992 இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரஹ்மானாக வந்தார். 1994 இல் ஷங்கர் இயக்கிய ‘காதலன்’ வந்தபோது எங்கள் ஊர்ப் பையன்கள் பிரபுதேவாவின் காலைப் பார்த்தார்கள். ‘முக்காலா’ பாட்டின் கடைசியில் ஓர் அதிசயம் நடக்கும். சுடப்பட்டதும் ஆடுபவரின் தலையும் கையும் காலும் மறைந்துவிடும். தொப்பியும் சட்டையும் காலணியும் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். சிறப்புக் காட்சி உத்திகளுக்கான இந்தியத் தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. டெக்கில் நிறுத்தி நிறுத்தி அந்த இடத்தைப் பார்த்தவர்கள் பலர். அதைப் பாடியவர்கள் மனோவும் சுவர்ணலதாவும். 2010 இல் 37 வயதில் சுவர்ணலதா இறந்தபோது, அந்தப் பாட்டுக்கு ஆடி வளர்ந்த ஒரு கூட்டத்துக்கே அது அவர் குரல் என்று தெரிந்திருக்கவில்லை. உடல் இல்லாமல் ஆடிய உடுப்பு நினைவிருந்தது. உடுப்புக்குள் உயிராக இருந்த குரலின் பெயர் நினைவில் ஏறவில்லை. வானொலி மட்டும் இருந்த காலத்தில் இது நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

ரஹ்மான் இந்த விடயத்தில் ஒரு பெரிய காரியம் செய்தார். புல்லாங்குழல் நவீன், தாளம் சிவமணி, ஒலிப்பதிவு எச். ஸ்ரீதர் என்று வாசித்தவர், பதிந்தவர் பெயர்களைக் கெசட் அட்டையிலும் சி.டி. அட்டையிலும் அச்சிட்டார். தமிழ்த் திரையிசையில் வாத்தியக்காரர்களின் பெயரைச் சாதாரண ரசிகன் வாசிக்க முடிந்தது அதன் பிறகுதான். நானா கையால் எழுதச் சொன்னதை அச்சில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி மாளாது.

பெற்றோர் பெயரில் இரண்டு இசைத்தொகுப்பு

நம் மண்ணிலிருந்து போன ஒரு பெண் இந்தக் கதைக்கு இன்னொரு முடிவு எழுதியிருக்கிறார். மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. 1975 இல் லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, எண்பதுகளின் நடுவில் அகதியாக மறுபடி லண்டன் போனவர். நுண்கலையும் திரைப்படமும் படித்தவர். ரோலண்ட் எம்.சி-505 என்ற பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, தானே தாளம் எழுதிப் பாடத் தொடங்கினார். 808 இன் பேத்தி என்று அந்தப் பெட்டியைச் சொல்லலாம். முதல் தொகுப்புக்கு 2005 இல் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்றும், இரண்டாவதுக்கு 2007 இல் தாயின் பெயரான ‘கலா’ என்றும் பெயர் வைத்தார்.

‘கலாங்’ பாட்டின் வீடியோவில் அவருக்குப் பின்னால் நகரும் படங்கள் அவரே வெட்டி வர்ணம் தெளித்தவை. புலியும், எரியும் பனையும் அதில் வரும். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டுக்கு உறுமி மேளத்தைச் சென்னையில் பதிந்து, வீடியோவையும் தென்னிந்தியாவில் எடுத்தார். இயந்திரத்தின் அடியும் உறுமியின் முழக்கமும் அதில் ஒன்றை ஒன்று விழுங்காமல் நிற்கின்றன. பாட்டு, தாளம், படம், முகம், பெயர் எல்லாம் ஒரே ஆளின் கையில் இருந்தால் வீடியோ என்ன செய்யக்கூடும் என்பதற்கு அவர் சாட்சி. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் த கிளாஷ் குழுவின் பழைய பாட்டுத் துண்டு ஒன்றைப் பயன்படுத்தியபோது, அந்தக் குழுவினரின் பெயர்களும் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஏறின. கடன் வாங்கியதை மறைக்காமல் எழுதி வைத்த கணக்கு அது. இரவல் ஒலியில் வாழும் ஓர் இசைக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

பத்து விநாடி

ரெக்கோடிங் பார்கள் இல்லாமற் போய் நெடுங்காலமாகிவிட்டது. எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது போன் திருத்துகிறார்கள். திருகோணமலை பஸ்ஸில் ஓட்டுநருக்கு மேலே திரை தொங்குகிறது, பயணம் முழுக்கப் பாட்டு ஓடுகிறது. கலியாண மண்டபங்களில் டி.ஜே. வருகிறார்கள். அவர்களில் சிலர் எனக்கு மருமகன் முறை. அவர்களுடைய லப்டொப்பில் தாளம் எழுதும் மென்பொருளைத் திறந்தால், நந்நான்காக நிறம் மாறும் பதினாறு கட்டங்கள் வரிசையாக வருகின்றன. நாற்பது வருடத்துக்கு முந்திய அந்த ஜப்பானியப் பெட்டியின் முகம் அப்படியே அங்கே இருக்கிறது. பையன்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தாளத்தை ஒரு நிமிடத்தில் கட்டிவிடுகிறார்கள். யாருடைய தாளம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை, அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. இணையத்தில் ஏறும் வீடியோக்களில் நடிகர் பெயர் பெரிதாக இருக்கும். பாடியவர் பெயர் கீழே மறைந்து கிடக்கும். வாசித்தவரும் தாளம் எழுதியவரும் அங்கே கிடையாது.

இதைத் திருத்துவது பெரிய காரியமல்ல. மண்டபத்தில் டி.ஜே. கையில் மைக் இருக்கிறது. பாட்டை மாற்றும்போது பாடியவர் பெயரைச் சொல்லலாம். வீடியோ ஏற்றுபவர் நாலு வரி எழுதலாம். பள்ளி விழாவில் ஆட்டம் பழக்கும் ஆசிரியர் நிகழ்ச்சி நிரலில் சுவர்ணலதா என்று ஒரு சொல் சேர்க்கலாம். தாளம் எழுதும் பையன் அட்கின்ஸையும் சரண்ஜித் சிங்கையும் ஒரு தடவையாவது தேடிக் கேட்கலாம். கொழும்பு வானொலி ஒரு பாட்டுக்குப் பத்து விநாடி செலவழித்து நான்கு பெயர் சொன்னது. ஒரு காசும் செலவில்லாத அந்த வேலை, முகம் தெரியாத மனிதர்களை எங்கள் வீட்டு ஆட்களாக்கியது. திரைக்கும் அந்தப் பத்து விநாடி உண்டு. பாட்டை அனுபவிக்கிற நாம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.